மேல இடது பக்கம் மூணு கோடு

மெயில் அனுப்பியாகிவிட்டது. இனி போன் செய்ய வேண்டும். “சார், ஒரு மெயில் போட்டிருக்கேன், வந்துருச்சான்னு பாருங்க. வரலைன்னா ஸ்பாம்ல பாருங்க.” இந்தக் கடைசி வாக்கியத்தை இப்போதெல்லாம் யாரும் யோசித்துச் சொல்வதில்லை, தன்னால் வாயில் வருகிறது. பள்ளிக்கூடத்தில் சொல்கிறார்கள், இன்சூரன்ஸ் ஏஜெண்ட் சொல்கிறார், ஓடிபி அனுப்புகிற இணையதளம் பொடி எழுத்தில் அச்சடித்தே வைத்திருக்கிறது. சமீபத்தில் மெயிலில் கல்யாணப் பத்திரிகை அனுப்பிய நண்பர் ஒருவர், “ஸ்பாம்லயும் ஒரு பார்வை பாத்துட்டு, குடும்பத்தோட அவசியம் வந்துருங்க” என்றார். போனேன். மொய்யும் வைத்தேன்.

போன் செய்துதான் சொல்ல வேண்டுமென்றால் மெயில் எதற்கு என்று நாம் யாரும் கேட்டுக்கொள்வதில்லை. தபால்காரர் சைக்கிளில் வந்த காலத்தில், கடிதம் போட்டிருக்கிறேன் என்று தெரிவிக்க எவரும் ட்ரங்க் கால் புக் செய்ததாக எனக்கு நினைவில்லை.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வந்தது விருதுநகர் விவகாரத்தில்தான். அங்கே ஒரு மசாலாப் பொடி கம்பெனி. அவர்களுடைய பொன்விழா மலருக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தேன். மெய்ப்பு என்பது மரியாதைக்குச் சொல்வது. வாழ்த்துரைகளில் பாதியை நானே திரும்ப எழுதினேன். வேலை முடிந்ததும் பில்லை மெயிலில் அனுப்பினேன். பதில் இல்லை. பெரிய மனிதர்கள், நேரம் இருக்காது என்று பொறுத்தேன். பில்லை மறுபடி இணைத்து, மரியாதையைக் கொஞ்சம் குறைத்து நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் சத்தமில்லை. மரியாதையை இன்னும் குறைத்து இன்னொன்று அனுப்பினேன். கடைசியில் மனதைக் கல்லாக்கிக்கொண்டு முதலாளி அண்ணாச்சிக்கே போன் செய்தால், “நீங்க பில்லே அனுப்பலையே தம்பி! காசு வேண்டாம்னு விட்டுட்டீங்கன்னுல்ல நெனச்சோம்” என்கிறார். தமிழுக்காகச் சும்மா உழைத்த மனுஷன் என்று என்னைப் பற்றி வர்த்தக சங்கத்தில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் விட்டாராம். அந்தப் பெருமையை உடைத்து அதன்மேல் ஜிஎஸ்டி வேறு போட்டுக் கேட்க வேண்டிய நிலைமை எனக்கு.

பில் போயிருந்தது. ஸ்பாமில் கிடந்தது. அதுவும் சும்மா கிடக்கவில்லை. தலைக்கு மேல் ஒரு சிவப்புப் பட்டை. இந்த மெயிலை அனுப்பியவர் உங்கள் அந்தரங்கத் தகவல்களைத் திருட முயலலாம், எச்சரிக்கை என்கிற பாணியில் ஒரு வாசகம். வாழ்த்துரையில் ஒற்றுப்பிழை திருத்தியவனுக்கு இந்தப் பட்டம்.

ஒழுங்காக அனுப்பிய மெயில் ஏன் ஸ்பாமுக்குப் போகிறது, அதைச் சரிசெய்ய என்னதான் வழி என்று விளக்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் அந்த மூன்று கோட்டைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிட விஷயம்தான்.

“அண்ணாச்சி, மெயிலத் தொறங்க. மேல இடது பக்கம் மூணு கோடு இருக்கும் பாருங்க.”

“கோடா? எங்கிட்டு தம்பி?”

“இடது பக்கம். மேல. ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா, படுக்கை வசமா மூணு கோடு.”

“மூணு புள்ளி இருக்கு.”

“அது வலது பக்கம். அதைத் தொடாதீங்க.”

“அமுக்கிட்டேனே.”

இந்த இடத்தில் ஒரு தொழில்நுட்பச் சிக்கலை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அண்ணாச்சி பேசுவதும் பார்ப்பதும் ஒரே போனில். காதில் வைத்திருக்கும்போது நான் சொல்வது கேட்கும், ஆனால் திரை அணைந்திருக்கும். காதிலிருந்து எடுத்துப் பார்க்கும்போது திரை எரியும், ஆனால் நான் சொல்வது கேட்காது. ஆகவே நான் ‘இடது’ என்று சொல்லும்போது அவர் பார்ப்பதில்லை, அவர் பார்க்கும்போது நான் வெறும் காற்றோடு ‘மூணு கோடு, மூணு கோடு’ என்று கத்திக்கொண்டிருக்கிறேன். “ஸ்பீக்கர்ல போடுங்க அண்ணாச்சி” என்றேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி மெயிலைத் திறக்கவைத்தேன்.

“இடது பக்கம் அம்புக்குறில இருக்கு.”

அம்புக்குறி தெரிகிறது என்றால் மனிதர் ஏதோ ஒரு மெயிலுக்குள் நிற்கிறார் என்று பொருள். வெளியே வந்தால்தான் கோடு தெரியும். “எந்த மெயிலுக்குள்ள இருக்கீங்க அண்ணாச்சி?”

“ஐம்பது லட்சம் லோன் தர்றானாம். ஜாமீன் கெடையாதாம். இதுவும் நீங்க அனுப்புனதா?”

நான் அனுப்பியதல்ல. அது இன்பாக்ஸில் இருந்தது. முதல் வரிசையில், பச்சைப் பிள்ளையாக, பட்டை கிட்டை எதுவும் இல்லாமல். இதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன், பேசாமல் விடமாட்டேன்.

கோடு கிடைத்தது. அமுக்கியதும் இடது பக்கத்திலிருந்து ஒரு பட்டியல் இறங்கும். நமக்கு வேண்டியது பட்டியலின் கீழ்ப்பகுதியில், குப்பைத் தொட்டிக்கு நேர் மேலே இருக்கும். அதுவரைக்கும் அண்ணாச்சி ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்துக்கொண்டு இறங்குகிறார். “ஸ்டார்டு… ஸ்னூஸ்டு… இது என்ன தம்பி ஸ்னூஸ்டு?” அது வேண்டாம், கீழே வாங்க. “இம்பார்ட்டண்ட்னு ஒண்ணு இருக்கே, உங்க பில்லு அதுலல்ல இருக்கணும்?” இருக்கணும்தான். கீழே வாங்க. “அவுட்பாக்ஸ்…” கீழே வாங்க. “ஆங், ஸ்பாம்! அம்மாடி, எம்புட்டுக் கெடக்கு!”

கிடந்ததையெல்லாம் வாசிக்க ஆரம்பித்தார். பரிசு விழுந்திருக்கிறதாம். ஏதோ ஒரு நாட்டில் ஒரு விதவை தன் சொத்தைப் பாதுகாக்க விருதுநகரில் ஆள் தேடுகிறாளாம். தலைமுடி முளைக்குமாம். நான் பதறிப்போய், “அதையெல்லாம் தொறந்துறாதீங்க அண்ணாச்சி, பூரா மோசடி!” என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் அமைதி. பிறகு மசாலா வியாபாரத்தில் அத்தனை வருடம் நிலைத்து நின்றது எப்படி என்று எனக்குப் புரிகிற மாதிரி ஒரு கேள்வி கேட்டார்: “உங்களுதுக்கும் அதே செவப்புப் பட்டைதான தம்பி போட்டிருக்கு? அப்ப உங்களுத மட்டும் தொறக்கலாமா?”

இதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

ஒருவழியாக ‘ஸ்பாம் அல்ல’ என்ற பொத்தானை அமுக்கவைத்தேன். அமுக்கியதும் “காணாமப் போச்சு தம்பி” என்றார். காணாமல் போகாது. இன்பாக்ஸுக்குத்தான் போகும். ஆனால் இன்றைக்கு வந்த மெயிலாகப் போய் மேலே உட்காராது. அது எந்தத் தேதியில் வந்ததோ அந்தத் தேதிக்குப் போய், நடுவில் வந்த அத்தனை லோன்களுக்கும் கீழே படுத்துக்கொள்ளும். ஆகவே அண்ணாச்சியை மறுபடி மேலே கூட்டிவந்து, மறுபடி மூன்று கோடு, மறுபடி பட்டியல், மறுபடி இன்பாக்ஸ், அங்கிருந்து கீழே, இன்னும் கீழே. இதில் என் முதல் மெயில், அதாவது மரியாதையாக எழுதிய ஒரே மெயில், அங்கே இல்லை. ஸ்பாமில் கிடப்பது 30 நாளில் தானாக அழிந்துவிடும். மிச்சமிருந்தது மரியாதை குறைந்த பிறகு எழுதியவை. அவற்றை அண்ணாச்சி நிதானமாக வாசித்தார். எனக்குக் கேட்கும்படியாக.

அண்ணாச்சியாவது முயன்று பார்த்தார். எனக்குத் தெரிந்த ஒரு அதிகாரி, “அதெல்லாம் கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர்தான் பாப்பாரு, அவரு லீவு” என்று முடித்துவிட்டார். பெரியம்மா ஒருத்தி மூன்று கோட்டைத் தேடி வாட்ஸ்அப்புக்குள் போய், அங்கிருந்து கேமராவுக்குள் போய், தன் தாடையைப் படமெடுத்து எனக்கு அனுப்பிவைத்தாள். ஒரு பதிப்பகத்தின் வரவேற்பில் இருந்த பெண் கொஞ்சம் ரோஷமாகவே, “எங்க ஆபீஸ்ல ஸ்பாம் எல்லாம் வச்சுக்கறதில்ல சார்” என்றாள். ஆனாலும் சொல்கிறேன், இந்த மூன்று கோட்டை 1981இல் ஜெராக்ஸ் ஸ்டார் என்ற கணினிக்காக வரைந்தவர் நார்ம் காக்ஸ். அதைத் தொட்டால் ஒரு பட்டியல் வரும் என்று பார்த்ததுமே புரிய வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி வரைந்தாராம். நல்ல எண்ணம். அவருக்கு விருதுநகரிலிருந்து போன் வந்ததில்லை.

“பேசாம வாட்ஸ்அப்ல போட்டுருங்களேன்” என்பீர்கள். போட்டேன். இரண்டு நீல டிக் விழுந்தது. உடனே அண்ணாச்சியின் கணக்குப்பிள்ளை கூப்பிட்டு, வாட்ஸ்அப்பில் வந்த பில்லை ஆடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டார், முறைப்படி மெயிலில்தான் வர வேண்டும் என்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் மெயில் முகவரி என் சொந்த டொமைனில் இருக்கிறது. என் பெயரே டொமைன். இலவச முகவரி வேண்டாம் என்று, வருடா வருடம் காசு கட்டி வைத்திருக்கிறேன். விசிட்டிங் கார்டில் அதைப் பார்க்கும்போது எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வரும். பெயருக்குப் பின்னால் அடிக்கோடும் பிறந்த வருடமும் ஒட்டிக்கொண்டு திரிகிற இலவச முகவரிக்காரர்களை நான் கொஞ்சம் கீழ்க்கண்ணால்தான் பார்த்து வந்திருக்கிறேன். அவர்களுடைய மெயில்களெல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்கின்றன.

என் டொமைனையும் மெயிலையும் பராமரிக்கிற ஹோஸ்டிங் கம்பெனியின் அரட்டைப் பெட்டியில் முறையிட்டேன். இன்றைய நாள் எனக்கு எப்படிப் போகிறது என்று அங்கிருந்தவர் விசாரித்தார். சொன்னேன். வருந்தினார். பிறகு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லிவிட்டு, அரட்டையை முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

இந்த மூன்றையும் எனக்குப் புரியவைத்தவன் அக்கா மகன். சென்னையில் ஏதோ கிளவுட் கம்பெனியில் வேலை. “மாமா, மொதல்ல உங்க டிஎன்எஸ்ஸ பாப்போம்” என்று என் மடிக்கணினியை வாங்கிக்கொண்டான். எஸ்பிஎஃப் என்பது டொமைனின் டிஎன்எஸ் என்கிற பொதுப் பதிவேட்டில் எழுதிவைக்கும் ஒரு வரி. என் பெயரில் மெயில் அனுப்ப இன்னின்ன சர்வர்களுக்கு அனுமதி உண்டு என்கிற அறிவிப்பு. வரியின் கடைசியில் ஒரு குறி போட வேண்டும். கழித்தல் குறி போட்டால், ‘வேறு யார் அனுப்பினாலும் நிராகரித்துவிடு’ என்று அர்த்தம். அலைக்குறி போட்டால், ‘வாங்கிக்கொள், ஆனால் சந்தேகப்படு’ என்று அர்த்தம். ஒரு டொமைனுக்கு இந்த வரி ஒன்றுதான் இருக்கலாம். எனக்கு இரண்டு இருந்தது. ஹோஸ்டிங் கம்பெனி ஒன்று போட்டிருந்தது. பில் தயாரிக்கிற மென்பொருள் தன் பங்குக்கு, யாரையும் கேட்காமல், இன்னொன்று போட்டுவிட்டிருந்தது. இரண்டு இருந்தால் ஒன்றாவது செல்லும் என்றுதானே நினைப்போம்? இரண்டும் செல்லாது. அதோடு, இந்த வரியைச் சரிபார்க்கிறவர்கள் டிஎன்எஸ்ஸில் பத்து முறைக்கு மேல் தேடிப் பார்க்க மாட்டார்களாம். பத்தைத் தாண்டினால் அதுவும் செல்லாது. இப்படி ஒரு கறார் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் நான் கண்டதில்லை.

டிகிம் என்பது கையெழுத்து. ஒவ்வொரு மெயிலிலும் சர்வர் ரகசியச் சாவியால் ஒரு கையெழுத்துப் போடும். அதைச் சரிபார்க்கிற பொதுச் சாவி டிஎன்எஸ்ஸில் இருக்க வேண்டும். அந்தச் சாவி நீளமானது. டிஎன்எஸ்ஸில் ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான் கொள்ளும். துண்டு துண்டாக வெட்டி, மேற்கோள் குறிக்குள் போட்டு ஒட்ட வேண்டும். ஒட்டுகிற இடத்தில் ஒரு எழுத்து விட்டுப்போனாலும் கையெழுத்துப் பொய்க் கையெழுத்தாகிவிடும். எழுத்துப்பிழை பார்ப்பதுதான் என் பிழைப்பு. இருந்தும் அந்தச் சாவியைக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்த இரவை மறக்க முடியாது. சந்தியும் இல்லை, அர்த்தமும் இல்லை.

எல்லாம் மாற்றியாயிற்று. “இந்த மாற்றம் உலகம் முழுவதும் பரவ 24 முதல் 48 மணி நேரம் ஆகலாம்” என்றது அரட்டைப் பெட்டி. எதைக் கேட்டாலும் அவர்களுக்கு 24 முதல் 48தான். பழைய விவரத்தை எவ்வளவு நேரம் ஞாபகம் வைத்திருக்கலாம் என்று டிஎன்எஸ்ஸிலேயே ஓர் எண் உண்டு, டிடிஎல் என்பார்கள். என்னுடையது 3,600 வினாடி. அதாவது ஒரு மணி நேரம். இதை அக்கா மகன் சொல்லிக்கொடுத்து நான் தட்டச்சு செய்து கேட்டேன். “புரிந்துகொண்டமைக்கு நன்றி. 24 முதல் 48 மணி நேரம் காத்திருக்கவும்” என்று பதில் வந்தது.

காத்திருந்தேன். மெயிலைப் பரிசோதித்து மதிப்பெண் போடுகிற இணையதளத்துக்கு ஒரு மெயில் அனுப்பினோம். பத்துக்குப் பத்து. பள்ளிக்கூடத்தில் நான் பார்த்தறியாத மதிப்பெண். அக்கா மகன் கை கொடுத்தான். அதே சூட்டோடு அண்ணாச்சிக்கு பில்லை அனுப்பினேன். கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டேன். “ஸ்பாம்ல இருக்கு சார்” என்றார். அவருக்கு இப்போது மூன்று கோடு பழகிவிட்டது.

இதற்கெல்லாம் மூல காரணம் யாரென்றால், நல்லவர்கள். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்த பேராசிரியர்களும் பொறியாளர்களும். மெயில் போக்குவரத்துக்கான எஸ்எம்டிபி விதிகளை ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் எழுதி வெளியிட்டார். அதன்படி ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் போய் முதலில் ஹலோ சொல்ல வேண்டும். இது நிஜம், அதற்கென்றே ஓர் ஆணை இருக்கிறது, நாலே எழுத்தில். பிறகு யாரிடமிருந்து மெயில் என்று சொல்ல வேண்டும். நீங்கள் என்ன பெயரைச் சொன்னாலும் அந்தப் பக்கம் 250, சரி என்று சொல்லும். ஜனாதிபதி என்று சொல்லிப் பாருங்கள், அதற்கும் 250தான். இத்தனைக்கும் அதற்கு நாலு வருடம் முன்பே, 1978 மே மாதம், டிஜிட்டல் எக்விப்மெண்ட் கம்பெனியின் கேரி துர்க் என்ற விற்பனை ஆசாமி தன் கம்பெனி கணினியைப் பார்க்க வாருங்கள் என்று சுமார் 400 பேருக்கு ஒரே மெயிலை அனுப்பித் தொலைத்திருந்தார். முகவரிகள் உரிய இடத்தில் கொள்ளாமல் வழிந்து கடிதத்துக்குள்ளேயே வந்து விழுந்தன. பலரும் கண்டித்தார்கள். அதனால் ஒரு கோடி டாலருக்கு மேல் வியாபாரம் நடந்தது என்று பின்னாளில் அவரே பெருமையோடு சொல்லிக்கொண்டார். முதல் ஸ்பாமைப் பார்த்த பிறகுதான் விதிகளை எழுதினார்கள், அப்போதும் அனுப்புகிறவனை யாரென்று கேட்கத் தோன்றவில்லை. பூட்டுப் போடும் வேலை 2006இல் எஸ்பிஎஃப், 2007இல் டிகிம், 2012இல் டிமார்க் என்று சாவகாசமாக நடந்தது. நடுவில் 2004 ஜனவரியில் பில் கேட்ஸ் தாவோஸில், இன்னும் இரண்டு வருடத்தில் ஸ்பாம் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று அறிவித்தார். அவருக்கு வந்த மெயில்களைப் பார்க்க ஆள் இருந்திருக்கும்.

பூட்டுப் போட்டவர்கள் எல்லாரும் கவனமானவர்கள் என்றும் சொல்ல முடியாது. ஸ்பாம்அசாசின் என்று ஒரு வடிகட்டி உண்டு. உலகத்தில் ஏராளமான சர்வர்களில் ஓடுவது. மெயிலில் சந்தேகத்துக்கு இடமான ஒவ்வொரு அம்சத்துக்கும் மதிப்பெண் போடும். மொத்தம் ஐந்தைத் தொட்டால் ஸ்பாம். எதிர்காலத் தேதி போட்ட மெயில் மோசடியாக இருக்கும் என்று அதில் ஒரு விதி வைத்திருந்தார்கள். நல்ல விதிதான். ஆனால் எதிர்காலம் என்பதை 2010 முதல் என்று எழுதிவிட்டார்கள். 2010 ஜனவரி 1 விடிந்தது. அன்றைக்கு அந்த வடிகட்டி வழியாகப் போன யோக்கியமான மெயில்களெல்லாம், சரியான தேதி போட்ட குற்றத்துக்காக, மூன்று மதிப்பெண் வாக்கில் சுமந்துகொண்டு போயின. புத்தாண்டு வாழ்த்து அனுப்பியவனெல்லாம் பாதிக்கு மேல் அயோக்கியன்.

எனக்கு உறைத்த இன்னொன்று உண்டு. பில் எப்படி இருக்கும்? பணம் கேட்கும். வங்கிக் கணக்கு எண் இருக்கும். கூடவே ஒரு பிடிஎஃப் ஒட்டியிருக்கும், மெயிலில் இரண்டே வரி இருக்கும், ‘தங்கள் மேலான கவனத்துக்கு’ என்று ஒரு குழைவு, ‘விரைவில்’ என்று ஒரு அவசரம். மோசடி மெயில் எப்படி இருக்கும்? அப்படியேதான் இருக்கும். மோசடிக்காரன் பில்லைப் பார்த்துத்தான் எழுதக் கற்றிருக்கிறான். இப்போது அவனைப் பார்த்துக் கற்ற இயந்திரம் என்னைப் பார்த்து முறைக்கிறது. அக்கா மகன், “மெயில்ல பணம்ங்கற பேச்சே எடுக்காதீங்க மாமா” என்றான். பில்லில்.

ஐபி சமாச்சாரம் வேறு. என் மெயில் புறப்படுகிற சர்வரின் ஐபி முகவரி எனக்கு மட்டும் சொந்தமல்ல. நான் கட்டுகிற காசுக்கு அது ஒண்டிக்குடித்தனம். ஒரே வாசல், எத்தனை குடித்தனமென்று வீட்டுக்காரருக்கே தெரியாது. அதில் எவனோ ஒருவன் தலைமுடி முளைக்கும் தைலத்தைப் பற்றி லட்சம் பேருக்கு எழுதினால், வாசலில் கறுப்பு மை பூசிவிட்டுப் போகிறார்கள். இப்படிக் கறுப்புப் பட்டியல் வைத்துப் பரிமாறும் வழக்கத்தை 1997இல் பால் விக்ஸி என்பவர் தொடங்கினார். இப்போது பல பட்டியல்கள். என் வாசல் ஒரு பட்டியலில் இருந்தது. பெயரை எடுக்கச் சொல்லி ஹோஸ்டிங் கம்பெனிதான் விண்ணப்பிக்க வேண்டுமாம். அரட்டைப் பெட்டிக்குப் போனேன். எவ்வளவு நேரம் ஆகும் என்று சொன்னார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அப்புறம் நற்பெயர். கூகுளும் யாகூவும் 2024 பிப்ரவரி முதல் விதிகளை இறுக்கின. தினமும் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்கள் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் வைத்திருக்க வேண்டும். மெயிலை ஸ்பாம் என்று குறிக்கிறவர்களின் விகிதம் 0.3 சதவீதத்தை எட்டக்கூடாது. ஆயிரத்துக்கு மூன்று பேர் என்பது பெரிய கம்பெனிக்குக் கணக்கே இல்லை. நான் எழுதுவது பத்துப் பேருக்கு. அதில் ஒரு கணக்குப்பிள்ளை அழிக்கிற பொத்தான் என்று நினைத்து ஸ்பாம் பொத்தானை அமுக்கினால் பத்து சதவீதம். விதி என்னவோ எனக்கு எழுதப்பட்டதல்ல. ஆனால் அந்த வழக்கத்தில் வளர்ந்த இயந்திரம் குறைவாக எழுதுகிறவனை எடைபோடத் தெரியாமல் முழிக்கிறது. கொஞ்சமாக அனுப்பினால் இவன் யாரென்றே தெரியவில்லை என்கிறது. திடீரென்று நிறைய அனுப்பினால் இவனுக்கு என்ன வந்தது என்கிறது. ஆகவே நண்பர்களுக்குத் தினம் நாலைந்து மெயில் அனுப்பி, அவர்களைத் திறக்கவைத்து, பதில் போடவைத்து, படிப்படியாகப் பெயர் சம்பாதிக்க வேண்டும் என்றான் அக்கா மகன். அனுப்பினேன். அவற்றை அவர்கள் திறக்க வேண்டுமே, அதற்காக ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். “மேல இடது பக்கம்…”

இத்தனையும் செய்துவிட்டு, ஓர் ஆத்திரத்தில், அண்ணாச்சிக்கு வந்த அந்த ஐம்பது லட்சம் லோன் மெயிலை எனக்கு அனுப்பச் சொல்லி, அதன் தலைப்பு விவரங்களைப் பிரித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம். அப்படி அனுப்பினால் அந்த விவரங்கள் அழிந்துவிடும் என்பதால், கணக்குப்பிள்ளையை மூலத்தையே படமெடுத்து அனுப்பவைத்தோம். எஸ்பிஎஃப் பாஸ். டிகிம் பாஸ். டிமார்க் பாஸ். ஒற்றைக் குறை சொல்ல முடியாது. டொமைன் சொந்த டொமைன், ஐபி தனி ஐபி, சாவியில் ஓர் எழுத்து பிசகவில்லை. இந்த மூன்றும் வந்திருப்பவன் யார் என்று மட்டும்தான் கேட்கின்றன. நல்லவனா என்று கேட்பதில்லை. அவன் தன் பெயரை ஒளிக்கவில்லையே, பிறகென்ன? முழுநேரத் தொழிலாகச் செய்கிறவன் ஆள் வைத்து, செலவு செய்து, எல்லாப் பத்திரங்களையும் சுத்தமாக வைத்திருக்கிறான். அரைநாள் கிடைத்தால் மெய்ப்புப் பார்ப்பவன் எந்த ஜன்னலில் நிற்பான்? எனக்கு அந்த மெயிலைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. தமிழும் ஒன்றும் மோசமில்லை.

டிமார்க்கைப் பற்றிச் சொல்லவில்லையே. அதுவும் டிஎன்எஸ்ஸில் ஒரு வரிதான். அந்த வரியில் ஒரு முகவரி கொடுத்துவைத்தால், உங்கள் பெயரில் வந்த மெயில்களை என்ன செய்தோம் என்று பெரிய மெயில் கம்பெனிகள் அனேகமாகத் தினமும் அறிக்கை அனுப்பும். சுருக்கிக் கட்டிய எக்ஸ்எம்எல் கோப்பு. மனிதர் வாசிப்பதற்கென்று எழுதியதல்ல. எனக்குத் தினமும் வருகிறது. இன்பாக்ஸுக்கே வருகிறது, ஒரு நாள்கூட வழி தவறியதில்லை. நேற்று வந்ததை அக்கா மகன் திறந்து, கோணல்மாணலான அடைப்புக்குறிகளுக்கு நடுவே விரல் வைத்துக் காட்டினான். மெயில் எண்ணிக்கை ஒன்று. எஸ்பிஎஃப் பாஸ். டிகிம் பாஸ். எடுத்த நடவடிக்கை, ஒன்றுமில்லை. அந்த ஒன்று எது என்று தேதியை வைத்துப் பார்த்தோம். விருதுநகர் பில்.

“பாத்தீங்களா மாமா, எல்லாமே பாஸ்.”

“அப்புறம் ஏன்டா அங்க ஸ்பாம்ல கெடக்கு?”

“அது வேற டிபார்ட்மெண்ட் மாமா.”